சூரிஞ்சான் கிழங்கும் உயிரணுவின் தூண்களும்

1984ஆம் ஆண்டு. எனக்கு அப்போது பதினாறு வயது, மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு நஹ்வு இலக்கணம் கற்பித்த ஹஜ்ரத் அவர்களுக்குக் கால் பெருவிரல் மூட்டில் அவ்வப்போது தாங்கவொண்ணாத வலி கண்டுவிடும். போர்வையின் நுனி பட்டாலும் துடித்துப் போவார்கள். அரபு மருத்துவ நூல்கள் ‘நிக்ரிஸ்’ என்றும், ஆங்கில மருத்துவர்கள் ‘கௌட்’ என்றும் பெயரிட்டழைக்கும் மூட்டு நோய் அது. அவ்வாறு வலி கண்ட ஒரு நாள், என்னை யூனானி மருந்துக் கடைக்கு அனுப்பிச் சூரிஞ்சான் வாங்கிவரச் சொன்னார்கள். உலர்ந்து வெளுத்த சிறு கிழங்குத் துண்டுகள். பார்வைக்கு ஒன்றுமில்லாத பொருள். ஹகீம் சொன்ன அளவில் மருந்தை உட்கொண்டார்கள். இரண்டு நாட்களில் எழுந்து வந்து பாடம் நடத்தினார்கள்.

பாடம் முடிந்ததும் துணிந்து கேட்டேன்: “ஹஜ்ரத், இந்தக் கிழங்கு உள்ளே போய் என்ன செய்து வலியை நிறுத்துகிறது?”

சற்றே யோசித்துவிட்டுச் சொன்னார்கள்: “நிறுத்தும் என்று கிதாபில் இருக்கிறது வாப்பா. எப்படி நிறுத்துகிறது என்பது எழுதினவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உனக்குத் தெரிய வந்தால் என்னிடம் வந்து சொல்.”

ஹஜ்ரத் அவர்கள் மறைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அவர்களிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய விடையை இப்போது எழுதுகிறேன். அந்த விடை, உயிருள்ள ஒவ்வோர் அணுவுக்குள்ளும் கணந்தோறும் எழுந்தும் சரிந்தும் நிற்கும் நுண்ணிய குழாய்களின் வரலாறாக இருக்கிறது. அவ்வரலாறு தொடங்குவது ஒரு நஞ்சில்.

நஞ்சென்றும் மருந்தென்றும்

கருங்கடலின் கிழக்குக் கரையில், இன்று ஜார்ஜியா நாடு இருக்கும் பகுதியைப் பண்டைய கிரேக்கர் கொல்கிஸ் என்றழைத்தனர். அந்நாட்டின் பெயரால் ஒரு பூண்டுக்குக் கொல்கிக்கோன் என்று பெயரிட்டனர். இலையுதிர் காலத்தில், இலை ஏதுமின்றித் தரையிலிருந்து நேரே மலரும் ஊதாப் பூ. பார்ப்பதற்குக் குங்குமப்பூச் செடியின் பூவை ஒத்திருக்கும். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த தியோஸ்கோரிதீஸ் என்னும் மருத்துவ அறிஞர் தம் மூலிகை நூலில் இதை நஞ்சாகவே விவரித்தார். இதன் இனிப்புச் சுவையில் மயங்கி மக்கள் தின்றுவிடக் கூடாதே என்ற அக்கறையுடன், உண்டவரை இது மூச்சடைத்துக் கொல்லும் என எச்சரித்தார். பின்னர் 6ஆம் நூற்றாண்டில், திரல்லெஸ் நகரத்து அலெக்ஸாந்தர் என்னும் மருத்துவர் ‘ஹெர்மோடாக்டில்’, அதாவது ‘ஹெர்மீஸின் விரல்’, என்ற கிழங்கை மூட்டு நோய்க்குத் தந்தார். அதுவும் இவ்வினத்ததே என்பது பெரும்பாலோர் கருத்து.

தியோஸ்கோரிதீஸின் நூல் 9ஆம் நூற்றாண்டில் பக்தாத் நகரை வந்தடைந்தது. இஸ்தஃபான் இப்னு பஸீல் அதனை அரபியில் பெயர்த்தார். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதைத் திருத்திச் செப்பம் செய்தார். இருவரும் கிறிஸ்தவ அறிஞர்கள். அவர்களுக்கு ஆதரவு நல்கியது அப்பாஸிய அரசு. இம்மொழிபெயர்ப்பைப் பற்றிக் குர்துபா நகரத்து மருத்துவர் இப்னு ஜுல்ஜுல் ஒரு செய்தியைப் பதிந்துள்ளார். அரபியில் பெயர் தெரிந்த மூலிகைகளுக்கு இஸ்தஃபான் அரபிப் பெயர் இட்டார். தெரியாதவற்றுக்குத் தாமாக ஒன்றைப் புனைந்து எழுதவில்லை. கிரேக்கப் பெயரை அப்படியே விட்டுவைத்தார், பின்னால் வருவோர் யாரேனும் அறிந்து நிரப்புவர் என்னும் நம்பிக்கையில். ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், பைஸாந்தியப் பேரரசர் குர்துபாவின் மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்கு அந்நூலின் அழகிய கிரேக்கப் படியொன்றை அனுப்பினார். கிரேக்கம் அறிந்த நிக்கோலஸ் என்னும் துறவியும் 951இல் வந்து சேர்ந்தார். முஸ்லிம், யூத, கிறிஸ்தவ அறிஞர்கள் ஒன்றாக அமர்ந்து, விடப்பட்டிருந்த இடங்கள் பலவற்றை நிரப்பினர். தெரியாததைத் தெரியாதது என்றே விட்டுவைத்த அந்த வெற்றிடம்தான் அடுத்த தலைமுறைக்கு வேலை கொடுத்தது. இதனை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறேன். முடிவில் மீண்டும் இங்கே வருவோம்.

இப்னு ஸீனா (980–1037) தமது ‘அல்கானூன்’ நூலின் இரண்டாம் பாகத்தில் தனி மருந்துகளைத் தொகுத்துரைக்கும்போது சூரிஞ்சானையும் சேர்த்தார். மூட்டு வலிக்குரிய மருந்தாக அதனை வழங்கினார். 12ஆம் நூற்றாண்டில் தொலெதோ நகரில் க்ரெமோனாவின் ஜெரார்து அல்கானூனை இலத்தீனில் பெயர்த்தார். அதன் வழியே அரபு மருத்துவர்களின் அனுபவம் ஐரோப்பாவின் மருத்துவக் கூடங்களுக்குச் சென்றது. மருந்து பயன் தரும், அளவு மிஞ்சினால் கொல்லும் என்பது வரை அவர்கள் அறிந்திருந்தனர். ஏன் என்பதை அறியும் கருவி அக்காலத்தில் எவரிடமும் இல்லை.

கொல்லும் என்னும் அச்சத்தால் ஐரோப்பியர் நெடுங்காலம் இதனை ஒதுக்கியே வைத்திருந்தனர். 1763இல் வியன்னாவின் அந்தோன் ஃபொன் ஷ்டோர்க் இதனை மீண்டும் மருந்தாக்கினார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுப் படை அதிகாரி ஹுஸ்ஸோன் ஒரு மருந்து நீரை இன்னதென்று வெளியிடாமல் விற்றுப் பேர் பெற்றார். அதன் உட்பொருள் இக்கிழங்கே என்பதை 1814இல் இலண்டனின் ஜான் வாண்ட் வெளிப்படுத்தினார். பெலத்தியே, கவாந்து ஆகிய பிரெஞ்சு வேதியியலார் இருவரும் 1820இல் இதன் சத்தைப் பிரித்தெடுத்தனர். 1833இல் ஜெர்மானியரான கைகர் அதைத் தூய்மையாக்கிக் ‘கொல்ச்சிசின்’ எனப் பெயரிட்டார். கொல்கிஸ் நாட்டின் பெயர் இவ்வாறு மருந்துப் புட்டியில் ஒட்டிக்கொண்டது.

மறக்கப்பட்ட ஒரு கண்ணி

கொல்ச்சிசின் உடலுக்குள் செய்யும் வேலையை முதன்முதல் கண்ணால் கண்டவர் ஸிஸிலித் தீவின் பலெர்மோ நகரில் இருந்த பியாஜியோ பெர்னிச்சே. 1889இல் அவர் நாய்களுக்குக் கொல்ச்சிசின் கொடுத்து, அவற்றின் இரைப்பை, குடல் ஆகியவற்றின் உட்தோலை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். பிளவுபடும் நிலையிலிருந்த உயிரணுக்கள் அங்கே வழக்கத்தை மீறி மிகுந்திருந்தன. அதை எழுதியும் வெளியிட்டார். ஆனால் எவரும் அதைப் பற்றிப் பிடிக்கவில்லை. ஏறத்தாழ அறுபதாண்டுகள் கழித்தே, 1949இல், வரலாறு தேடியோர் அக்கட்டுரையை மீண்டும் கண்டெடுத்தனர்.

இதற்கிடையில் பெல்ஜிய நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஆல்பர்ட் டஸ்டினும் அவருடைய மாணவர் லிட்ஸும் 1934இல் அதே உண்மையைத் தாமாகவே அடைந்தனர். கொல்ச்சிசின் பட்ட உயிரணு பிளவுபடத் தொடங்குகிறது. ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. குரோமோசோம்கள் தடித்துத் திரண்டு தயாராக நிற்கின்றன. இருபுறமும் அவற்றை இழுத்துப் பிரிக்கும் ஏதோ ஒன்று இல்லாமல் போய்விடுகிறது.

இக்கண்டுபிடிப்பு உடனே பலன் கொடுத்தது. 1937இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீயும் ஏவரியும், நாம் அறிந்த ஊமத்தை உள்ளிட்ட செடிகளில் கொல்ச்சிசினைப் பயன்படுத்திக் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினர். விதையில்லாத் தர்பூசணி இவ்வழியில் வந்ததே. 1955 டிசம்பரில், ஜாவாத் தீவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ என்பவர் ஸ்வீடனின் லுண்ட் நகரில், கொல்ச்சிசினால் நிறுத்தி வைக்கப்பட்ட மனித உயிரணுக்களில் குரோமோசோம்களை எண்ணினார். அதுவரை உலகம் 48 என்று நம்பியிருக்க, 46 என்பதே உண்மை என அவரும் லேவனும் 1956இல் வெளியிட்டனர். நம் உடலின் கணக்கே இக்கிழங்கின் துணையால் திருத்தப்பட்டது.

கண்ணுக்குத் தெரியாத கயிறுகள்

அப்படியானால் கொல்ச்சிசின் அழிப்பது எதை? பிளவுபடும் உயிரணுவின் நடுவே, நூல் நூற்கும் கதிரைப் போல இருபுறமும் கூர்த்து நடுவில் பருத்த ஓர் அமைப்பு உண்டு. இக்கதிர் அமைப்பில் இழைகள் இருப்பதாக 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் வரைந்து காட்டியிருந்தனர். ஆனால் அவர்கள் கண்டது மருந்திட்டுக் கொன்ற உயிரணுக்களையே. இழைகள் உண்மையில் உள்ளவையா, மருந்தினால் தோன்றும் பொய்த் தோற்றமா என்ற வாதம் நெடுநாள் நடந்தது.

அதைத் தீர்த்து வைத்தவர் ஜப்பானியரான ஷின்யா இனோவே. போருக்குப் பின் எல்லாம் பஞ்சமாயிருந்த ஜப்பானில், கைவிடப்பட்ட இயந்திரத் துப்பாக்கியின் பீடத்தையும் தேயிலை டப்பாவையும் உறுப்புகளாகக் கொண்டு ஒரு நுண்ணோக்கியைத் தாமே கட்டியவர் அவர். பின்னர் அமெரிக்கா சென்று அதனை மேலும் செம்மைப்படுத்தினார். ஒளியை ஒரே தளத்தில் அதிரச் செய்து பார்க்கும் அம்முறையில், உயிரோடிருக்கும் அணுவுக்குள்ளேயே கதிரின் இழைகள் மின்னுவதை 1950களின் தொடக்கத்தில் காட்டினார். கொல்ச்சிசின் இட்டால் அவை கரைந்தன. குளிரூட்டினாலும் கரைந்தன, வெப்பம் திரும்பினால் சில நிமிடங்களில் மீண்டும் எழுந்தன. ஏதோ சில செங்கற்கள் அணுவுக்குள் எப்போதும் தயாராகக் கிடக்கின்றன, அவை கூடுவதும் பிரிவதுமாக இருக்கின்றன என இனோவே ஊகித்தார்.

1963இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் லெட்பெட்டர், போர்ட்டர் ஆகிய இருவரும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தாவர அணுக்களைப் பார்த்தபோது அந்த இழைகள் உள்ளீடற்ற குழாய்கள் என்பது தெளிவாயிற்று. அவற்றை ‘மைக்ரோட்யூபூல்’ என்றனர். நாம் நுண்குழாய் எனலாம். குளூட்டரால்டிஹைடு என்னும் பதப்படுத்தும் திரவம் அதே காலத்தில் வந்ததால்தான் அவை சிதையாமல் கண்ணுக்குப் பட்டன. குழாயின் விட்டம் சுமார் 25 நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிப்பில் இத்தகையவற்றை ஏறத்தாழ மூவாயிரம் அடுக்கலாம். வட்டமாக நிறுத்திய மூங்கில்களைப் போல, பெரும்பாலும் 13 நீள்வரிசைகள் சேர்ந்து ஒரு குழாயின் சுவராகின்றன.

அடுத்த கேள்வி, அந்தச் செங்கல் எது என்பது. சிகாகோவில் எட்வின் டெய்லரும் கேரி போரிஸியும் ஒரு தந்திரம் செய்தனர். கொல்ச்சிசினுக்குக் கதிரியக்க அடையாளமிட்டு அணுக்களில் கலந்து, அது எந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது என 1967இல் தேடினர். கதிர் மிகுந்திருக்கும் அணுக்களில் அப்புரதம் மிகுதியாகக் கிடைத்தது. ஒருபோதும் பிளவுபடாத நரம்பணுக்கள் நிறைந்த மூளையிலும் அது ஏராளமாக இருந்ததுதான் வியப்பு. ஜப்பானியரான மோரி 1968இல் அதற்கு ‘டியூபுலின்’ எனப் பெயரிட்டார். நூற்றாண்டுகளாக வைத்தியர் கையில் மருந்தாக இருந்தது, ஆய்வாளர் கையில் தூண்டில் முள்ளாகியது.

1972இல் ரிச்சர்டு வைஸன்பெர்க், மூளையிலிருந்து எடுத்த டியூபுலின் கரைசலில் கால்சியத்தை விலக்கி, குவானோசின் டிரைபாஸ்பேட் என்னும் ஆற்றல் பொருளைச் சேர்த்து, உடல் வெப்பத்தில் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள், உயிர் ஏதுமின்றி, நுண்குழாய்கள் தாமே எழுந்தன.

வளர்வதும் சரிவதும்

இனி, அவை எவ்வாறு வளர்கின்றன என்பதைக் காண்போம். ஆல்ஃபா, பீட்டா என இரு டியூபுலின்கள் ஒட்டிய இணையே ஒரு செங்கல்; அதன் நீளம் 8 நானோமீட்டர். ஒரு மைக்ரான் நீளக் குழாய்க்கு ஏறத்தாழ 1,600 செங்கற்கள் வேண்டும். குழாயின் ஒரு முனை பெரும்பாலும் அணுவின் மையத்தருகே ஊன்றப்பட்டிருக்கும். மறுமுனை வெளியே நீண்டு, செங்கற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வளரும்.

நெடுநாள் அறிஞர் எண்ணியது இதுவே: செங்கல் சேரும் வேகமும் கழலும் வேகமும் சமமானால் எல்லாக் குழாய்களும் நீளம் மாறாமல் அமைதியாக நிற்கும். கரைசலை மொத்தமாக அளந்தபோது அப்படித்தான் தோன்றியது. ஓர் ஊரின் மக்கள் தொகை மாறவில்லை என்பதால் அவ்வூரில் பிறப்பும் இறப்பும் இல்லையென்று சொல்ல முடியுமா? மொத்தக் கணக்கு தனித்தனி வாழ்வை மறைத்துவிட்டது.

1984இல், நான் மருந்துக் கடைக்கு நடந்த அதே ஆண்டில், சான்பிரான்சிஸ்கோவில் டிம் மிட்சிசன் என்னும் இளம் ஆய்வு மாணவரும் அவர் ஆசிரியர் மார்க் கிர்ஷ்னரும் குழாய்களை ஒவ்வொன்றாக எண்ணி அளந்தனர். வளர்ந்த குழாய்கள் உள்ள கரைசலில் டியூபுலினின் அடர்த்தியைக் குறைத்துப் பார்த்தனர். எல்லாக் குழாய்களும் சேர்ந்து சிறிது சிறிதாகக் குறுகும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. சில குழாய்கள் அடியோடு மறைந்தன. பக்கத்திலேயே மற்றவை வளர்ந்துகொண்டிருந்தன. ஒரே நீரில், ஒரே வெப்பத்தில், ஒன்று வளர மற்றொன்று சரிந்தது. இதற்கு இயக்க நிலையாமை என்று பெயரிட்டனர். 1986இல் ஜப்பானில் ஹோரியோ, ஹொத்தானி ஆகியோர் தனிக் குழாய் ஒன்று மெல்ல நீள்வதையும், திடீரெனச் சரிவதையும், மீண்டும் எழுவதையும் நேரில் கண்டு காட்டினர்.

காரணம் நுனியில் இருக்கிறது. புதிதாக வரும் செங்கல் குவானோசின் டிரைபாஸ்பேட்டைச் சுமந்து வருகிறது. குழாயில் அமர்ந்த சிறிது நேரத்தில் அது சிதைந்து டைபாஸ்பேட் ஆகிவிடுகிறது. அவ்வாறு ஆன செங்கல் வெளிப்புறமாக வளைய விரும்பும். ஆனால் சுற்றியுள்ளவை அதனை நேராகப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே குழாயின் உடல் முழுவதும் முறுக்கேறிய வில்லைப் போல இருக்கிறது. அதை அவிழாமல் காப்பது நுனியில் உள்ள, இன்னும் சிதையாத புதுச் செங்கற்களின் மூடி ஒன்றே. புதியவை வேகமாக வந்து சேரும்வரை மூடி நிலைக்கும், குழாய் வளரும். வரவு தாமதித்து மூடி இழந்தால், வாழைப்பழத் தோலை உரித்தாற்போல வரிசைகள் வெளியே சுருண்டு கழன்று, வளர்ந்ததைவிடப் பன்மடங்கு வேகத்தில் குழாய் சரியும். இடையில் புதிய மூடி அமைந்துவிட்டால் சரிவு நின்று மீண்டும் வளர்ச்சி தொடங்கும்.

இது வீண் செலவாகத் தோன்றலாம். சாதாரண நிலையில் உள்ள உயிரணுவில் குழாய்களில் பாதி சில நிமிடங்களில் அழிந்து புதிதாகின்றன. பிளவு நேரத்தில் அது ஏறத்தாழ ஒரு நிமிடமாகக் குறைகிறது. ஏன் இத்தனை கட்டுமானமும் இடிப்பும்? கடலில் தூண்டில் போடுபவரைப் பாருங்கள். மீன் எங்கே என்று அவர் அறியார். வீசுகிறார், சுருட்டுகிறார், திசை மாற்றி மீண்டும் வீசுகிறார். குழாய்களும் அப்படியே நாலா புறமும் நீள்கின்றன. ஒன்றும் அகப்படாதவை சரிகின்றன. ஒரு குரோமோசோமின் பிடிப்பிடத்தைத் தொட்டுவிட்ட குழாய் மட்டும் அங்கே பற்றிக்கொண்டு நிலைபெறுகிறது. இவ்வாறு தேடியும் தவறியும் பற்றியும், 46 குரோமோசோம்களின் நகல்களும் இருபுறமும் பிசகாமல் பிரிக்கப்படுகின்றன. முன்கூட்டியே வரைந்த படம் எதுவும் அங்கில்லை.

நிலைபெறுவது

எல்லாக் குழாய்களும் இப்படி அலைவதில்லை. நம் மூச்சுக் குழலின் உள்ளே தூசியைத் துடைத்து மேலேற்றும் நுண்மயிர்களில் ஒன்பது இரட்டைக் குழாய்களும் நடுவில் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டுள்ளன. அவை கொல்ச்சிசினாலும் எளிதில் கரைவதில்லை. முதுகெலும்பிலிருந்து கால் விரல்வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும் நரம்பின் இழைக்குள் குழாய்கள் ஒன்றையொன்று தழுவி வரிசையாக ஓடுகின்றன. அவற்றைத் தண்டவாளமாகக் கொண்டு, 1985இல் கண்டறியப்பட்ட கைனசின் போன்ற புரதங்கள் சுமை தூக்கி நடக்கின்றன. இக்குழாய்களோடு ஒட்டி அவற்றுக்கு வலு சேர்க்கும் டவ் என்னும் புரதத்தை 1975இல் கிர்ஷ்னரின் கூடத்தார் அறிந்தனர். அல்ஸைமர் என்னும் மறதி நோயில் அந்த டவ் தன் இடத்தை விட்டுக் கழன்று முடிச்சு முடிச்சாகத் திரண்டு கிடக்கிறது.

நிலைத்தன்மை நல்லதென்றால் முற்றிலும் நிலைப்பது மிக நல்லதா? அதற்கு விடை சொன்னது ஒரு மரப்பட்டை. 1962இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் எடுக்கப்பட்ட ‘யூ’ மரத்தின் பட்டையிலிருந்து மன்ரோ வாலும், மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வாணியும் டாக்ஸால் என்னும் பொருளைப் பிரித்து, 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டனர். புற்றணுக்களை அது கொல்வது தெரிந்தது. கொல்ச்சிசினைப் போலக் குழாய்களைக் கரைத்தே கொல்கிறது என்று எவரும் எண்ணியிருப்பர். 1979இல் நியூயார்க்கில் சூசன் ஹார்விட்ஸ் கண்டது நேர்மாறு: டாக்ஸால் குழாய்களைச் சரியவொட்டாமல் உறைய வைத்துவிடுகிறது. அவ்வாறு உறைந்த அணுவும் பிளவுபட முடியாமல் மடிகிறது. நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்திய கல்யாணியிலிருந்து 1958இல் கனடாவில் நோபிள், பீர் ஆகியோர் பெற்ற வின்பிளாஸ்டின் குழாய்களைக் கலைக்கிறது. டாக்ஸால் அவற்றைக் கல்லாக்குகிறது. இரண்டும் புற்றுநோய்க்கு மருந்து. கட்டுவது நின்றாலும் உயிரணுவுக்கு மரணம். இடிப்பது நின்றாலும் மரணம்.

ஹஜ்ரத் அவர்களுக்குச் சொல்ல வேண்டியது

இப்போது கால் பெருவிரலுக்குத் திரும்புவோம். மூட்டில் யூரிக் அமிலம் ஊசி ஊசியாகப் படிகிறது. இரத்தத்தின் வெள்ளணுக்கள் அதை எதிரியென எண்ணித் திரண்டு பாய்கின்றன. அந்தப் போரே வீக்கமும் வலியும். சூரிஞ்சானின் சத்து வெள்ளணுக்களுக்குள் புகுந்து டியூபுலின் செங்கல்லைப் பற்றுகிறது. பற்றப்பட்ட செங்கல் வளைந்தே இருப்பதால் நேரான சுவரில் சரியாக அமர முடிவதில்லை. நுனியில் அது சேர்ந்தால் வளர்ச்சி தடைபடுகிறது. குழாய்கள் தளர்ந்த வெள்ளணுக்களின் பாய்ச்சலும், அழற்சியை மூட்டும் அவற்றின் செயலும் அடங்குகின்றன. யூரிக் அமிலம் அதனால் குறைவதில்லை; போர் மட்டும் ஓய்கிறது. அளவு மிஞ்சினாலோ, இடைவிடாது பிளவுபட வேண்டிய குடலின் உட்தோலும் எலும்பு மஜ்ஜையும் முதலில் வீழ்கின்றன. பெர்னிச்சே நாய்களில் கண்டதும், தியோஸ்கோரிதீஸ் அஞ்சியதும் இந்த ஒரே செயலின் இரு முகங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை கடமையாகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் மலர்களுள் முதலாவதான செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர், அதன் கிழங்கிலும் விதையிலும் இதே கொல்ச்சிசினைக் கொண்டது. கண்வலிக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு என்றெல்லாம் வழங்குவது அதுவே. தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் மருந்துத் தொழிலுக்காக அதன் விதையைப் பயிரிடுகின்றனர். தமிழகத்திலும் இலங்கையிலும் அக்கிழங்கை உண்டு உயிரிழந்தோர் உளர். சூரிஞ்சானாயினும் காந்தளாயினும், தக்க மருத்துவரின் அளவின்றி எவரும் தொடலாகாது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் உள்ள இடைவெளி இதில் மிகச் சிறிது.

இவ்வரலாற்றைச் சொன்னால் நம்மவருள் சிலர் உடனே, “பார்த்தீர்களா, இதெல்லாம் நம் இப்னு ஸீனா அன்றே சொன்னது” என்பர். மேடைகளில் இவ்வகைப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன், கைதட்டலும் கேட்டிருக்கிறேன். இப்னு ஸீனா நுண்குழாயைச் சொல்லவில்லை. சொன்னதாகக் கூறுவது அவருக்குப் பெருமை ஆகாது. கண்ட பயனைக் கண்டவாறு எழுதி அடுத்தவர் கையில் சேர்த்ததே அவருடைய பெருமை. அறியாத பெயருக்கு இடம் விட்டுவைத்த இஸ்தஃபானின் பெருமையும் அதுவே. ஸனது என்னும் அறிவிப்பாளர் தொடரில் ஒரு கண்ணியும் பொய்யாக இருக்கலாகாது என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். மருத்துவத்தின் தொடருக்கு மட்டும் அந்த நேர்மை வேண்டாமா?

இந்தத் தொடரில் கிரேக்கர் உண்டு; பக்தாதின் கிறிஸ்தவர் உண்டு; புகாராவில் வளர்ந்த முஸ்லிம் உண்டு; பலெர்மோவில் மறக்கப்பட்டவர் உண்டு; போரில் நொந்த ஜப்பானியர் உண்டு; ஜாவாவில் பிறந்தவரும் நந்துர்பாரில் பிறந்தவரும் உண்டு. நுண்குழாயைப் போலவே கல்வியும் தன் பழைய உடலின் வலுவால் மட்டும் நிற்பதில்லை. நுனியில் புதிய கண்ணி சேரும்வரை நிற்கிறது. சேர்வது நின்ற நாளில், எத்தனை நீளமாக வளர்ந்திருந்தாலும், நுனியிலிருந்து அவிழத் தொடங்கிவிடும். இப்னு ஸீனாவின் பெயரைக் கடைகளுக்கும் கழகங்களுக்கும் சூட்டுகிறோம். அவர் நூலின் ஒரு பக்கத்தை எழுத்தெண்ணி ஓதி, அதற்கடுத்த பக்கத்தை எழுதக்கூடிய பிள்ளைகள் நம் இல்லங்களில் எத்தனை பேர்?

இன்று என்னிடம் ஓதும் பிள்ளைகள் நான் அறியாததைக் கேட்கும்போது, ஹஜ்ரத் அவர்கள் எனக்குச் சொன்னதையே நானும் சொல்கிறேன்: எனக்குத் தெரியாது, உனக்குத் தெரிய வந்தால் என்னிடம் வந்து சொல். அவர்களுள் ஒருவர் நான் உயிரோடிருக்கும்போதே வந்து சொல்வார் என்பது என் ஆசை. ஹஜ்ரத் அவர்களுக்கு என்னால் அது முடியாமற் போயிற்று.